செங்கடற் கரையில் ஒரு தமிழ்ப் பானை

தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரை வரையில் ஓடும் மின்சார ரயிலில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் பிரயாணம் செய்கிறார்கள். பல்லாவரம், திரிசூலம் நிலையங்களுக்கருகே கருங்கற் குன்றுகள் கண்ணில் படுகின்றன. அவற்றை நிமிர்ந்து பார்ப்பவர் சிலர். பார்த்துச் சிந்திப்பவர் அதனினும் சிலர். 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் ஆங்கிலேய பூகர்ப்ப சாஸ்திரி, பல்லாவரத்து ராணுவ மைதானத்தை அடுத்த சரளைக் குழியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது ஆதி மனிதன் செதுக்கிய கைக்கோடரி. பாரத தேசத்தில் மனிதனுடைய பழமை எத்தகையது என்று உலகம் அறியத் தொடங்கியது அந்த நாள் முதல்தான்.

பின்னர் அதே குன்றுகளின் சாரலில் வேறொரு வகைப் பொருளும் கிடைத்தது. சுட்ட மண்ணால் செய்து, வரிசை வரிசையாகக் கால்கள் வைத்த நீண்ட பேழை அது. முன்னோர் தங்கள் குலத்தில் இறந்தவர்களின் எலும்புகளை அதில் வைத்து, உடன் சில மட்கலங்களையும் வைத்துப் புதைத்தார்கள். அப்பேழைகளுள் ஒன்றை எழும்பூர் அரசாங்கக் காட்சிசாலையில் நேயர்கள் இன்றும் காணலாம்.

எகிப்து தேசத்திலும் இறந்தவர்களைப் பேழையில் வைத்தார்கள். ஆனால் எகிப்தியர் அதன்மீது இறந்தவனுடைய பெயரை எழுதினார்கள். ஒருவனுடைய பெயரை உயிரோடிருப்பவர்கள் உச்சரிக்கும் வரையில் அவன் முற்றிலும் மறைந்துவிடுவதில்லை என்பது அவர்களுடைய சமயக் கொள்கை. பல்லாவரத்துப் பேழையில் பெயர் ஏதும் இல்லை. அதில் கிடந்தவன் யார், அவன் எந்தத் தெய்வத்தைத் தொழுதான், எந்த மொழியில் தன் குழந்தையைக் கொஞ்சினான் என்று அந்தப் பேழையைக் கேட்டறிய வழியில்லை.

இப்படிப் பேசாமல் கிடக்கும் பழமையைப் பேச வைப்பதற்கே தம் வாழ்நாளைச் செலவிட்ட அறிஞர் ஒருவர் நம்மிடையே இருந்தார். அவர்தாம் ஸ்ரீ ஐராவதம் மகாதேவன். 1930-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி பிறந்து, 2018 நவம்பர் 26-ஆம் தேதி சென்னையில் தமது எண்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். பல்லாவரத்திலிருந்து சில மைல் தூரத்தில் உள்ள தரமணியில், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில், அவருடைய முயற்சியால் 2007-ஆம் வருஷத்தில் தோன்றிய சிந்து ஆராய்ச்சி மையம் இன்றும் அவருடைய வேலையைத் தொடர்ந்து செய்து வருகிறது.

அவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். 1954-ஆம் வருஷத்தில் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, ஜில்லா நிர்வாகமும் காரியாலயக் கோப்புகளுமாகக் காலம் கழித்த உத்தியோகஸ்தர். மாலையில் பிறர் இளைப்பாறும் வேளையில் அவர் பழைய நாணயங்களையும் சாஸனங்களையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த ஆர்வத்தைக் கண்ட சரித்திரப் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார், கரூருக்கு அருகில் புகழூர்க் குகையில் உள்ள எழுத்துக்களின் பக்கம் அவர் கவனத்தைத் திருப்பினார். அந்தச் சிறு தூண்டுதல்தான் ஐம்பதாண்டு உழைப்பின் வித்து.

தமிழ்நாட்டில், விசேஷமாக மதுரையைச் சுற்றிய குன்றுகளில், சுமார் முப்பது இடங்களில் இத்தகைய குகைகள் இருக்கின்றன. உள்ளே பாறையை மழமழவென்று செதுக்கிய படுக்கைகள் உண்டு. தலைமாட்டில் கல்லாலேயே தலையணையும் உண்டு. அருகில் வசிக்கும் கிராமத்தாரைக் கேட்டால், “இவை பஞ்ச பாண்டவர் படுக்கை” என்பார்கள். வனவாசத்தின்போது பாண்டவர் இங்கே வந்து தங்கினார்கள் என்பது பரம்பரையாக வரும் பேச்சு. உண்மையில் அவற்றில் படுத்தவர்கள் சமண முனிவர்கள். மழைக்கு நீர் உள்ளே வழியாதபடி குகையின் நெற்றியில் வெட்டிய விளிம்பின்கீழே, அந்தப் படுக்கையைச் செய்வித்த தருமவான்களின் பெயர்கள் பொறித்திருக்கின்றன. சொந்த முன்னோர் எழுதி வைத்த பெயர்களைப் படிக்க மறந்த ஜனங்கள், அந்த இடம் புனிதமானது என்பதை மட்டும் மறக்கவில்லை. வேறு பெயர் வைத்து, வேறு கதை சொல்லிக் காத்து வந்தார்கள்.

இந்த விந்தையைப் பற்றியே தம் ஆயுள் முழுவதும் எண்ணிய ஒருவர் ஜெர்மானிய தேசத்திலும் இருந்தார். ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் எகிப்திய சாஸ்திரம் போதித்த யான் அஸ்மான் (1938–2024) என்பவரே அவர். எகிப்தின் பழஞ் சமயத்தையும் கல்லறை எழுத்துக்களையும் கற்ற அவர், 1992-இல் வெளியிட்ட நூலில், தனி மனிதனுக்கு நினைவு இருப்பதுபோல ஒரு சமுதாயத்துக்கும் நினைவு உண்டு என்று விளக்கினார். நூல், சடங்கு, திருவிழா, சிற்பம் ஆகியவற்றில் அந்த நினைவு தங்குகிறது. ஆனால் நடந்ததை நடந்தபடியே அது வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டியபடி அதைத் திருத்திக்கொள்கிறது என்பது அவர் கருத்தின் சாரம். ஆகவே நினைவு ஒன்று, நடந்தது ஒன்று. இரண்டையும் ஆராய வேண்டும், ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளக்கூடாது என்றார். நம் குகைகளையும் பாண்டவர் கதையையும் அறிந்தவர்களுக்கு இக்கருத்து எளிதில் விளங்கும்.

எகிப்தில் நினைவு முற்றிலும் அறுந்தது. பீலே என்ற தீவிலுள்ள கோயிலில் கி.பி. 394-இல் பொறித்ததே கடைசிச் சித்திர எழுத்துச் சாஸனம். அதன் பிறகு அவ்வெழுத்தைப் படிக்க வல்லவர் ஒருவரும் இல்லாமற் போயினர். 1799-இல் ரோஸெட்டா என்னுமிடத்தில், ஒரே செய்தியை எகிப்திய எழுத்திலும் கிரேக்கத்திலும் தாங்கிய கல் கிடைத்தது. 1822-இல் சாம்பொலியோன் என்ற பிரெஞ்சுக்காரர் அதன் துணைகொண்டு மர்மத்தை விடுவித்தார். நம் குகை எழுத்துக்களுக்கு அப்படி ஒரு கல் வேண்டியிருக்கவில்லை. எழுத்து மறந்தாலும் மொழி நம் நாவை விட்டுப் போகவில்லையல்லவா?

ஆயினும் காரியம் சுலபமாக இருக்கவில்லை. குகைகளில் இருப்பது அசோகச் சக்கரவர்த்தி கையாண்ட பிராமி எழுத்தின் இனம் என்பது அறிஞர்களுக்குத் தெரியும். கிருஷ்ண சாஸ்திரியார் முதலியோர் 1919-ஆம் ஆண்டை ஒட்டிப் படிக்க முயன்றார்கள். 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர், இவற்றின் பாஷை தமிழே என்று எடுத்துக் காட்டினார். ஆனாலும் படித்த சொற்கள் பல தமிழாக ஒலிக்கவில்லை. அதன் காரணத்தைச் சற்றே பொறுமையுடன் கேட்க வேண்டுகிறோம்.

அசோகர் எழுத்தில், ‘க’ என்னும் வடிவத்தில் அகரம் உள்ளடங்கியே இருக்கும். பக்கத்தில் ஒரு சிறு கோடு இட்டால் அது ‘கா’ ஆகிவிடும். பிராகிருத மொழியில் சொற்கள் உயிரில் முடிவதால் இந்த முறை போதுமானது. தமிழிலோ ‘மகன்’, ‘ஊர்’, ‘கல்’ என்று மெய்யில் முடியும் சொற்கள் ஏராளம். ஆகவே நம் முன்னோர் அந்த எழுத்தைத் தமிழுக்கேற்ப மாற்றினார்கள். மிகப் பழைய குகைகளில், கோடில்லாத வடிவம் ‘க்’ என்ற மெய்யையே குறிக்கும். கோடிட்டால் ‘க’ என்றும் ‘கா’ என்றும் இடத்துக்கேற்பப் படிக்க வேண்டும். இதை அறியாமல் அசோகர் முறையிலேயே வாசித்தால், ‘மகன்’ என்பது ‘மாகான’ என்று விகாரமாகிவிடும். சில காலம் கழித்துக் கோடு நெடிலுக்கே உரியதாயிற்று. கோடில்லாத வடிவம் மெய்க்கும் அகரமேறிய மெய்க்கும் பொதுவாயிற்று. அதற்கும் பின்னரே குழப்பம் தீர மெய்யின்மேல் புள்ளி வந்தது. இந்த மூன்று படிகளையும் பிரித்துக் காட்டி, எந்தக் குகையை எந்த விதியால் படிக்க வேண்டும் என்று நிர்ணயித்தவர் மகாதேவனே. பள்ளியில் குழந்தைகள் மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளிக்குப் பின்னால் இத்தனை சரித்திரம் இருக்கிறது!

இவ்விதம் படித்தபோது 1965-இல் புகழூர்க் குகை பேசத் தொடங்கியது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறைச் சேரர் அங்கே வரிசையாக நிற்கிறார்கள். இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் எய்தியபோது, யாற்றூர்ச் செங்காயபன் என்ற சமண முனிவருக்கு அந்தக் குகை வாசம் அமைத்துக் கொடுத்ததாகச் சாஸனம் கூறுகிறது. பதிற்றுப்பத்தில் பாடப் பெற்ற இரும்பொறை மரபினர் இவர்களே என்று மகாதேவன் கண்டார். மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் 1904-இல் ஏட்டிலிருந்து அச்சேற்றிய அந்நூலின் அரசர்களைக் கவிகளின் கற்பனை என்று இனி எவரும் தள்ள முடியாது. அவ்வாறே மதுரைக்கருகே மாங்குளம் குகையில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயரையும் அவர் படித்தறிந்தார். புலவர் நெஞ்சில் இருந்த நினைவும், மலைக் குகையில் இருந்த சான்றும் கைகோத்துக்கொண்டன.

இதனோடு நின்றிருந்தாலே பெரும்புகழ் போதும். அவரோ இன்னும் கடினமான சிந்துவெளி எழுத்தில் இறங்கினார். மொகஞ்சதாரோ, ஹாரப்பா முத்திரைகளைப் படிக்கத் துணை செய்யும் இருமொழிக் கல் எதுவும் இன்று வரை அகப்படவில்லை. பலர் இரண்டொரு முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, தமக்குப் பிரியமான மொழியை அதில் கேட்டுவிடுவது உண்டு. மகாதேவன் முதலில் எண்ணத் தொடங்கினார். பம்பாய் டாடா ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் கணிப்பொறியின் உதவியால், 2,906 பொருள்களில் உள்ள வாசகங்களை ஒழுங்குபடுத்தி, 417 குறிகளைப் பிரித்து, எந்தக் குறி எத்தனை முறை, எந்த இடத்தில், எதன் பக்கத்தில் வருகிறது என்று அட்டவணை செய்து 1977-இல் வெளியிட்டார். அவர் கொள்கையை ஏற்காதவர்களும் அந்த அட்டவணையை வைத்துக்கொண்டுதான் வாதாடுகிறார்கள்.

சிந்துவெளி மக்களின் சமயம் எது? இங்கே அவர் கையாண்ட வழி அஸ்மானுடைய வழிக்கு அண்மையானது. முத்திரையில் ஒற்றைக் கொம்பு மிருகத்தின்முன் நிற்கும் விசித்திரப் பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். அது ஒரு புனித பானத்தை வடிகட்டும் சாதனமாகலாம் என்றும், வேதத்தில் சோமரசத்தை வடிகட்டும் சடங்கில் அந்தப் பழைய வழக்கின் சாயல் தங்கியிருக்கலாம் என்றும் அவர் கருதினார். முத்திரைகளில் மிகுதியாக வரும் குறி ஒரு பானையைப் போன்றது. குடத்திலிருந்து பிறந்தவர் அகஸ்தியர் என்கிறது புராணம். வேளிர் குலத்தவர் வடபால் முனிவனின் வேள்விக் குடத்தில் தோன்றித் துவாரகையை ஆண்டவர் என்கிறது புறநானூறு. அவர்களை அகஸ்தியரே தெற்கே அழைத்து வந்தார் என்று நச்சினார்க்கினியர் எழுதுகிறார். இவையெல்லாம் ஒரு மிகப் பழைய குடிப்பெயர்ச்சியின் மங்கிய நினைவுகளோ என்று 1986-இல் அவர் ஒரு கட்டுரையில் வினவினார். புராணத்தைப் பொய் என்று எறியவும் இல்லை. மெய் என்று வணங்கவும் இல்லை. விசாரணைக்குரிய சாட்சியாகக் கூண்டில் ஏற்றினார்.

சிந்துவெளி மொழி திராவிட இனத்தது என்பதே அவர் துணிபு. ஆனால் அது இன்றைய தமிழே என்று ஆரவாரம் செய்தவர்களுடன் அவர் சேரவில்லை. அப்பழம் நாகரிகத்தின் சொத்தில் திராவிட மொழியினருக்கும் ஆரிய மொழியினருக்கும் பங்குண்டு என்றே சொல்லி வந்தார். 2006-இல் மயிலாடுதுறைக்கருகே செம்பியன் கண்டியூரில் ஒரு பள்ளி ஆசிரியர் தம் வீட்டுக் கொல்லையில் குழி தோண்டுகையில் கிடைத்த கற்கோடரியில் சிந்து எழுத்தையும், அதில் முருகன் பெயரையும் கண்டபோது, தமிழ்நாட்டில் ஒரு நூற்றாண்டில் கிடைத்த தலைசிறந்த பொருள் அது என்று மகிழ்ந்தார். அதைச் சந்தேகித்த அறிஞரும் உண்டு. அந்தச் சந்தேகங்களையும் அவர் ஆராய்ச்சியின் அங்கமாகவே கொண்டார்.

நாம் வகுப்பில் சரித்திரம் போதிக்கையில் மாணவர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஐயா, தமிழுக்கு எத்தனை ஆயிரம் வயது?” எத்தனை பெரிய எண்ணைச் சொல்கிறோமோ அத்தனைக்கு அவர்கள் முகம் மலரும். பெரியவர்களும் இவ்விஷயத்தில் குழந்தைகளே! மகாதேவன் இந்த ஆசைக்கு இரையாகவில்லை. பிராமி எழுத்து அசோகர் காலத்தை ஒட்டியே தமிழகம் வந்தது என்று அவர் கருதினார். பழனிக்கருகே பொருந்தலில் எழுத்துள்ள மட்கலத்தோடு ஒரு புதைகுழியில் கிடைத்த நெல்மணிகள் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின என்று அறிவித்தபோது, ஒரு சோதனையைக்கொண்டு முடிவு கட்டுவது தகாது. மேலும் பல வேண்டும் என்றார். இதனால் அவர்மீது மனத்தாங்கல் கொண்ட தமிழன்பர்கள் பலர். அவர் மறைந்த மறு வருஷம், 2019-இல், கீழடி அகழ்வின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை கொண்டுசெல்லும் அறிக்கையைத் தமிழக அரசு வெளியிட்டது. அவருடைய கணக்குத் திருத்தம் பெற வேண்டியதே என்று பலர் இன்று கருதுகிறார்கள், ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் நம் கருத்து வேறொன்று. சேரர் பெயரைக் கல்லில் மீட்டுத் தந்தவரைவிடத் தமிழிடம் அன்பு கொண்டவர் யார்? அந்த அன்புதான் அவரை அவசரப்படாமல் தடுத்தது. ஆசையினால் சொன்ன பெருமையை நாளை ஒரு பகைவன் ஒரே கேள்வியால் கவிழ்த்துவிடலாம். சோதனையில் தேறிய பெருமையை அவ்வாறு கவிழ்க்க முடியாது.

1980-இல் தாமாகவே உத்தியோகத்தை விட்டு விலகி, 1987 முதல் 1991 வரை ‘தினமணி’யின் ஆசிரியராக இருந்தார். பின்னர் அறுபது வயதுக்கு மேல் மறுபடியும் மலையேறினார். 1990-களில் குகை குகையாகச் சென்று, ஒவ்வொரு எழுத்தையும் மறுபடி பார்த்துப் படியெடுத்தார். அந்த உழைப்பின் பயனாகிய பழந்தமிழ்ச் சாஸனப் பெருநூல் 2003-இல் ஹார்வர்டு சர்வகலாசாலையின் கீழ்த்திசை வரிசையில் வெளிவந்தது. 2009-இல் அரசாங்கம் பத்மஸ்ரீ பட்டம் அளித்தது. இளவயதில் மறைந்த மகனின் நினைவாக ஓர் அறக்கட்டளை நிறுவி, தம் பொருளைக் கல்விக்கும் தருமத்துக்கும் கொடுத்தார்.

அந்நூலில் அவர் நிலைநாட்டிய உண்மைகளுள் நம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது ஒன்று. அக்காலத்தில் தக்காணத்தில் அரசரும் வணிகரும் பிராகிருதத்தில் எழுதினர். ஜனங்களின் பேச்சு மொழி வேறாக இருந்தது. தமிழ்நாட்டிலோ பேசும் மொழியே எழுதும் மொழி. ஆதலால் எழுத்து அரண்மனையோடு நில்லாமல், குயவன், வணிகன், மாலுமி வரை பரவியது. அதற்குச் சாட்சி வேறெங்கும் இல்லை, எகிப்திலேயே இருக்கிறது.

செங்கடலின் கரையில் குசேர்-அல்-காதிம் என்னும் பழைய துறைமுகத்தில் கணன், சாதன் என்ற தமிழ்ப் பெயர்கள் எழுதிய ஓடுகள் முன்பே கிடைத்திருந்தன. பெரெனிகே என்ற மற்றொரு துறைமுகத்தில் கொற்றபூமான் என்ற பெயர் கிடைத்தது. அவ்வூரில் ஸெராபிஸ் என்னும் எகிப்தியத் தெய்வத்தின் கோயில் முற்றத்தில், நம் தேசத்துத் தாழி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு புதைந்திருந்தது! குசேரில் இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் சர்வகலாசாலையார் எடுத்த உடைந்த தாழி ஒன்றில், ஒரே வாசகம் இருபுறமும் எழுதியிருந்தது. காலம் கி.மு. முதல் நூற்றாண்டு என்று கணித்தனர். அதன் படம் சென்னைக்கு மகாதேவனிடம் வந்தது. அவர் படித்தார்: ‘பானை ஒறி.’ அதாவது, உறியில் தொங்கும் பானை.

உறி என்றால் என்னவென்று நம் இல்லத்தரசிகளுக்கு விளக்க வேண்டுமா? எறும்பும் பூனையும் எட்டாதபடி, கயிற்றைப் பின்னி உத்தரத்தில் கட்டி, வெண்ணெய்த் தாழியை வைத்தது நம் பாட்டிமார்களின் வழக்கம். கோகுலாஷ்டமியில் பிள்ளைகள் அடிப்பதும் அதே உறியே. கடல் கடந்த தேசத்தில், கோயில்களும் கல்லறைகளும் தங்கள் அரசர் பெயரைச் சொல்லி நின்ற நாட்டில், ஒரு தமிழன் தன் சமையற்கட்டுச் சொல்லை எழுதிவிட்டுப் போயிருக்கிறான். அவன் மன்னன் அல்லன், பெயரும் தெரியவில்லை. ஆயினும் அவன் சொல் இன்னும் நம் வீட்டில் வழங்குகிறது.

இன்று தென்சென்னையின் புறநகர்களில் வீடுகள் பெருகுகின்றன. 2010-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி நூறு மீட்டருக்குள் கட்டடம் கட்டக்கூடாது. அதற்கப்பால் இருநூறு மீட்டர் வரை அனுமதி வேண்டும். பல்லாவரத்துக் குடும்பங்கள் இதனால் கஷ்டப்படுவது உண்மையே. முன்னோர் புதைகுழியும் இன்றைய குடித்தனமும் ஒரே மண்ணைக் கேட்கின்றன. இரண்டுக்கும் நியாயம் செய்யும் வழியை அரசாங்கம் காண வேண்டும். ஆனால் அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று அறியாமலே அதைக் கரைத்துவிடுவது நியாயமாகாது.

இதில் நம் இல்லங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தரமணி நூலகத்துக்குப் பெயர் தந்த ரோஜா முத்தையா, கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ஓவியர். நூல்களை மட்டுமல்லாது, கல்யாண அழைப்பு, நாடக நோட்டீஸ் வரையில் அவர் சேர்த்து வைத்ததால்தான் இன்று உலகத்து அறிஞர்கள் அங்கே தேடி வருகிறார்கள். பரண்மேல் கிடக்கும் ஏட்டையும், தாத்தாவின் கணக்குப் புத்தகத்தையும் பழைய காகிதக்காரனிடம் எடை போடுமுன் ஒரு முறை பிரித்துப் பார்ப்போம். விடுமுறை நாளில் குழந்தைகளை எழும்பூர்க் காட்சிசாலைக்கு அழைத்துச் சென்று, பல்லாவரத்துப் பேழையின் எதிரில் நிறுத்துவோம். “இது யாருடையது?” என்று அவர்கள் கேட்பார்கள். கதை ஒன்றை உடனே கட்டிச் சொல்லாமல், இதைத் தெரிந்துகொள்வது எப்படி என்று அவர்களையே யோசிக்கச் சொல்வோம்.